கொசு வளர்க்கப் படிக்கிறேன் என்கிற மகளின் அம்மாவுக்கு

“கொசு வளர்க்கவா இவளைப் படிக்க வைத்தேன்” என்று எழுதியிருந்தீர்களே அம்மா, சிரித்துவிட்டேன், தப்பா நினைக்காதீங்க. உங்கள் மகள் ஆசைப்படுவது நிஜமாகவே கொசு வளர்க்கிற வேலைதான், அதுவும் லட்சக்கணக்கில், டெங்குவைக் குறைப்பதற்காக.

வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா. பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில், செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. 1924-லேயே ஒரு கொசுவில் பார்த்துவிட்டார்கள், ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி என்கிற கொசுவில் இயற்கையாக அது கிடையாது. பழ ஈயிலிருந்து அதை எடுத்து, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிற கொசு முட்டைக்குள் நுண்ணிய ஊசியால் செலுத்தினார்கள், ஆயிரக்கணக்கில் முட்டைகளைக் குத்திப் பார்த்து, வருஷக்கணக்கில் காத்திருந்துதான் நிலைத்த வம்சம் கிடைத்தது. அது உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவில் சரியாகப் பெருகாது. தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் போய்விடும்.

பலன் உண்டா என்றால், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஊரை 24 பகுதிகளாகப் பிரித்து, 12-இல் மட்டும் இந்தக் கொசுவை விட்டுப் பார்த்தார்கள். அங்கே டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் முடிவு வந்தது. அந்த எண்ணைச் சொன்னது ஊசி பிடித்தவர் இல்லை, புள்ளியியல் தெரிந்தவர். “எங்கள் தெருவில் கொசுவை விடுவீர்களா?” என்று கேட்கும் மக்களிடம் வாசல் வாசலாகப் போய்ப் பேசியவர்களும் அதே வேலையில்தான் இருந்தார்கள்.

அதனால் இளநிலையிலேயே குறுகலான பெயர் வைத்த படிப்பு வேண்டாம். நுண்ணுயிரியல் அல்லது விலங்கியல் எடுக்கட்டும், கூடவே புள்ளியியலைப் பயப்படாமல் கற்கட்டும், இதை நான் கொஞ்சம் அடித்தே சொல்வேன். ஒன்றை மறைக்க மாட்டேன்: சொந்தமாக ஆராய்ச்சி நடத்த முனைவர் பட்டம் வேண்டும், அதுவரை பெரும்பாலும் திட்ட நிதி இருக்கும் வரைதான் வேலை. சீக்கிரம் சம்பளம் வந்தாக வேண்டும் என்கிற வீடென்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

முடிவெடுப்பதற்கு முன்னால், ஒரு விடுமுறையில் பூச்சி வளர்ப்புக் கூடம் ஒன்றில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும். தட்டில் நெளியும் கூட்டுப்புழுக்களை அளவு பார்த்து, சின்னது ஆண், பெரியது பெண் என்று பிரித்து எண்ண வேண்டும், நடுவில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. (சில கூடங்களில் ஆய்வாளர்களே கையை நீட்டி ரத்தமும் கொடுத்திருக்கிறார்கள், அதை இப்போதைக்கு அவளிடம் சொல்ல வேண்டாம்!) ஐந்நூறு எண்ணி முடித்துவிட்டு மறுநாளும் தானே கிளம்பினாள் என்றால், சரி, சேர்த்துவிடுங்கள்.