எக்ஸ்பாக்ஸில் கோடி சோதனைப் பதிப்பு: கேம்களுக்குச் சேதமில்லாமல் போடுவது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டு எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கேம் கன்சோலில், வீடியோ பார்க்கும் செயலியான கோடி (Kodi) 21 நன்றாக ஓடுகிறது. அடுத்த 22-இன் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்க்க ஆசை. கோப்பை பென் டிரைவில் ஏற்றிச் செருகினேன். கன்சோல் கண்டுகொள்ளவே இல்லை. பையனின் கேம்கள் அழியாமல் இதைச் செய்ய வழி உண்டா?
– காட்பாடி வாசகர்

பதில்: வழி உண்டு. கேம்களும் அழியாது. ஆனால் பென் டிரைவ் வழி கிடையாது. சாதாரண நிலையில் எக்ஸ்பாக்ஸ், ஸ்டோரிலிருந்து வராத எந்தச் செயலியையும் ஏற்காது. அதற்கென்றே டெவலப்பர் மோட் என்று தனி நிலை இருக்கிறது. அதில் இருக்கும்போது வழக்கமாக விளையாடும் கேம்கள் ஓடாது. வெளியே வந்தால் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். ஸ்டோரிலிருந்து போட்ட கோடி 21-ஐ நீக்க வேண்டாம். சோதனைப் பதிப்பு அங்கே, தினசரி பார்ப்பது இங்கே என்று இருக்கட்டும்.

முதலில் ஸ்டோரில் ‘எக்ஸ்பாக்ஸ் டெவ் மோட்’ செயலியை இறக்குங்கள். அது திரையில் ஒரு குறியீட்டைக் காட்டும். மைக்ரோசாஃப்ட் பார்ட்னர் சென்டர் இணையதளத்தில் டெவலப்பர் கணக்கு திறந்து அந்தக் குறியீட்டைப் பதிய வேண்டும். கணக்குக்குக் கட்டணம் உண்டா என்று அந்தப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கன்சோல் மறுதொடக்கமாகி ‘டெவ் ஹோம்’ திரைக்கு வரும். வேலூர்ப் பக்கம் கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் கன்சோலும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும்போது இந்தக் கட்டத்தைச் செய்யுங்கள்.

டெவ் ஹோமில் ரிமோட் அக்சஸ் பகுதியில், கன்சோலை லேப்டாப்பிலிருந்து கையாள உதவும் டிவைஸ் போர்ட்டலை இயக்கி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். 192.168-இல் தொடங்கி 11443 என்று முடியும் ஒரு முகவரி தெரியும். அதே வைஃபையில் இருக்கும் லேப்டாப் பிரவுசரில் அதைத் திறந்தால் ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கும். உங்கள் வீட்டு கன்சோல்தானே, தாண்டிச் செல்லலாம்.

இனி கோப்பு. பலர் தவறுவது இங்கேதான். கோடி தளத்தின் பதிவிறக்கப் பகுதியில் விண்டோஸ் 64 பிட் இன்ஸ்டாலர் என்று இருப்பது கம்ப்யூட்டருக்கானது. உங்களுக்கு வேண்டியது யூடபிள்யூபி 64 என்ற பிரிவில் உள்ள எம்எஸ்ஐஎக்ஸ் கோப்பு. 22-க்கு ஆல்பா அல்லது பீட்டா (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்புகள்) கிடைத்தால் நைட்லியை விட்டு அதையே எடுங்கள். நைட்லி என்பது அன்றாடம் மாறும் நிரலை அப்படியே கட்டி வைப்பது. இன்று ஓடுவது நாளை திறக்காமலும் போகும். அதனால், ஓடிய கோப்பைத் தேதியோடு லேப்டாப்பில் பத்திரப்படுத்துங்கள்.

போர்ட்டலில் ‘ஆட்’ அழுத்தி அந்தக் கோப்பைக் கொடுத்ததும், அடுத்த பக்கம் சார்புக் கோப்புகளை, அதாவது கோடி ஓடத் தேவையான துணைக் கோப்புகளைக் கேட்கும். அங்கே விசிலிப்ஸ் (VCLibs) 140 என்ற மைக்ரோசாஃப்ட் துணைத் தொகுப்பின் எக்ஸ்64 கோப்பைச் சேர்க்க வேண்டும். பெயரில் ‘டெஸ்க்டாப்’ என்று வருவது வேறு, அது உதவாது. இதைச் சேர்க்காமல் ‘ஸ்டார்ட்’ கொடுத்தால் 73சிஎஃப்3 என்று முடியும் பிழை வரக்கூடும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று திரும்பத் திரும்ப இறக்கிப் பயனில்லை; சார்புக் கோப்பைத்தான் முதலில் பாருங்கள்.

ஏறியதும் உடனே திறக்காதீர்கள். டெவ் ஹோமில் உங்கள் கணக்கில் உள்நுழையுங்கள். கோடியின் விவரங்களைத் திறந்து, வகையை ‘ஆப்’ என்பதிலிருந்து ‘கேம்’ என்று மாற்றுங்கள். ஆப் என்றால் 1 ஜிபி நினைவகமே கிடைக்கும். கேம் என்றால் 5 ஜிபி வரை. பெரிய 4கே கோப்பு திணறுவதற்கும் சீராக ஓடுவதற்கும் இந்த ஒரு மாற்றமே காரணமாக இருக்கலாம்.

வீடியோக்கள் உள்ள ஹார்ட் டிஸ்க்கைச் செருகும்போது கவனம். யூஎஸ்பி 3 வகையில் 128 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால், கேம்களுக்காக ஃபார்மட் செய்யவா என்று கன்சோல் கேட்கும். ‘மீடியா’ என்றே தேர்ந்தெடுங்கள். மற்றதை அழுத்தினால் கல்யாண வீடியோ உட்பட எல்லாம் போய்விடும்.

கோடியின் புதிய பதிப்பு, உங்கள் வீடியோ பட்டியல் இருக்கும் நூலகத் தரவுத்தளத்தைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும்; பழையது அதைப் படிக்காது. புதிய நைட்லியின் மேல் பழையதைப் போடவும் முடியாது. நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும், நீக்கினால் அமைப்புகளும் போகும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் போர்ட்டலின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கோடியின் அமைப்புகளும் தரவுத்தளமும் இருக்கும் லோக்கல்ஸ்டேட் கோப்புறையை நகலெடுங்கள். கோடி திடீரென மூடிக்கொண்டு, நீங்கள் மறுபடி திறந்துவிட்டால், மூடிய காரணம் புதிய லாக் கோப்பில் (செயலி தன் இயக்கத்தைப் பதிந்து வைக்கும் கோப்பு) இருக்காது. ‘ஓல்ட்’ என்று பெயரில் உள்ள லாகில் இருக்கும். பிழையைத் தெரிவிக்கும்போது அதை இணையுங்கள். உருவாக்குநர்களுக்கு அதுதான் பயன்படும்.

பையன் விளையாட வரும்போது டெவ் ஹோமில் ‘லீவ் டெவ் மோட்’ கொடுங்கள். வெளியேறும் இடத்தில், ஏற்றிய செயலிகளை நீக்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.