டெல்லி உறவினர் வீட்டில் அரையாண்டு விடுமுறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் மாமியாருடைய ஒன்றுவிட்ட தங்கை, டெல்லி கரோல்பாக்கில் நெடுங்காலமாகக் குடும்பத்துடன் வசிக்கிறார். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்கு எங்கள் எல்லோரையும் அங்கே வந்து தங்கும்படி அழைத்திருக்கிறார். மாமியாருக்குப் போக மிகுந்த ஆசை. ஆனால் மூட்டுவலி உண்டு. தூரத்து உறவினருக்கு நாம் ஏன் பாரமாக இருக்க வேண்டும், விடுதியில் அறை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்.

பதில்: அவசியம் போய் வாருங்கள், கூடியவரை அவர்கள் வீட்டிலேயே தங்குங்கள். இந்தப் பயணத்துக்குக் காரணமே அந்த இரண்டு மூத்த சகோதரிகள்தான். பகலெல்லாம் பேசிக்கொண்டிருந்தவரை இரவானதும் விடுதிக்கு அழைத்துச் சென்றால், அழைத்தவரின் மனம் நோகும். உங்கள் மாமியாருக்கும் வந்த நிறைவு இராது.

உங்கள் கணவரின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எத்தனை பேர் வருகிறீர்கள், என்றைக்கு வந்து என்றைக்குத் திரும்புவீர்கள் என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே சொல்லி, இடவசதியையும் கூச்சமின்றிக் கேட்டுவிடுங்கள். இடம் போதாதென்றால் மாமியாரும் பிள்ளைகளும் வீட்டில் இருக்க, நீங்கள் இருவரும் அருகில் அறை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஐந்து நாட்கள் போதும். டெல்லிப் பள்ளிகள் பலவற்றில் குளிர்கால விடுமுறை ஜனவரியில்தான் தொடங்கும் என்பதால், நீங்கள் இருக்கும் நாட்களில் அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் அலுவலகத்துக்கும் கிளம்ப வேண்டியிருக்கலாம். காலை நேரத்தில் குளியலறையையும் வெந்நீரையும் அவர்களுக்கு முதலில் விட்டுக்கொடுப்பதும், காய்கறி வாங்குவதையும் சமையலில் ஒரு பகுதியையும் நீங்கள் ஏற்றுக்கொள்வதும், பணமாகக் கொடுக்க முயல்வதைவிட எவ்வளவோ மேல்.

பயணத்தைப் பொறுத்தவரை முன்கூட்டிய திட்டம் மிக அவசியம். ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது; டிசம்பர் 24-இல் கிளம்புவதென்றால் அக்டோபர் 25 காலை 8 மணிக்கே தயாராக இருக்க வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரவு சென்னை சென்ட்ரலில் ஏறினால், சுமார் 2,180 கிலோமீட்டர் கடந்து மூன்றாம் நாள் காலை டெல்லியில் இறங்கலாம். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஒரு சீட்டில் இருவருக்கு மேல் இருந்தால் அது கிடைக்காது என்பதால், மாமியாருக்குத் தனிச்சீட்டு எடுப்பது நல்லது. ஒன்றரை நாள் ரயில் அவருடைய மூட்டுக்கு ஒத்துவராது என்று தோன்றினால், அவரும் உங்களில் ஒருவரும் மட்டுமாவது விமானத்தில் செல்லுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்பே சொல்லி வைக்கலாம். டிசம்பர் கடைசியில் விடியற்காலை மூடுபனி கடுமையாக இருப்பதால் பிற்பகல் விமானமே நம்பகமானது. ரயில்களும் அந்தப் பனியில் மணிக்கணக்கில் தாமதமாவது உண்டு; ஊர் திரும்பிய மறுநாளே அலுவலகமோ பள்ளியோ இருக்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரவுக் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். அந்த மாதங்களில் டெல்லிக் காற்றின் மாசும் அதிகம். மாமியாருக்கு மூச்சுத்திணறல் ஏதும் இருந்தால், சீட்டு எடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டே தீர வேண்டும். இதில் ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

என்ன வாங்கிச் செல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அப்பளமும் காப்பித்தூளும் கரோல்பாக்கிலேயே கிடைக்கும். கிடைக்காதது குலதெய்வக் கோயில் திருநீறும், வீட்டில் கிடக்கும் பழைய குடும்பப் புகைப்படங்களும். யார் யாருக்கு என்ன முறை, யாரை எப்படி அழைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு ரயிலிலேயே சொல்லிக்கொடுங்கள். அந்த வீட்டுப் பேரக்குழந்தைகளின் தமிழ் தட்டுத்தடுமாறி வந்தால் யாரும் சிரித்துவிடக் கூடாது.

ராமகிருஷ்ணாபுரத்தில் இருக்கும் உத்தர சுவாமிமலைக் கோயிலுக்கு எல்லோரும் ஒருநாள் சேர்ந்து போய் வாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துச் சுவாமிநாதனே அங்கும் மூலவர். சிறு குன்றின் மேல் இருப்பதால் மாமியாரை அவசரப்படுத்தாமல் அழைத்துச் செல்லுங்கள். கிளம்பும்போது அவர்களைக் கும்பகோணத்துக்கு முறையாக அழைத்துவிட்டு வாருங்கள். 2028-இல் மகாமகம் வருகிறது என்றாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கோடை விடுமுறைக்கே வரச் சொல்லுங்கள்.