நகம் கிளம்புகிறதா? குளிசையையும் வெயிலையும் பாருங்கள்

கேள்வி: நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் பயணிகளை ஏற்றும் வள்ளத்தில் வேலை செய்கிறேன். முகப்பருவுக்கு ஒரு மாதமாக டொக்சிசைக்கிளின் 100 மி.கி. எடுக்கிறேன். விரல் நுனிகள் எரிந்து வலித்தன. இப்போது நகங்கள் நுனியில் வெள்ளையாகக் கிளம்பி நிற்கின்றன. பெருவிரல்களுக்கு ஒன்றுமில்லை. பூஞ்சை மருந்து பூசியும் குறையவில்லை.

பதில்: பெருவிரல்கள் தப்பியதுதான் முக்கியமான தடயம். பூஞ்சை இப்படிப் பல நகங்களை ஒரே நேரத்தில் வலியோடு பிடிப்பது அரிது. இந்தக் குளிசை உடலில் இருக்கும்போது வெயிலின் புறஊதாக் கதிர் நகத்தை ஊடுருவி, அடியிலுள்ள சதையைச் சுட்டுவிடும். நகம் அங்கே பிடி விடும். கயிறு பிடிக்கையில் நான்கு விரல் நகங்களும் வெயிலைப் பார்க்கும், பெருவிரல் மடங்கி நிழலில் இருக்கும். மேகமூட்டமும் காப்பாற்றாது.

குளிசை தந்த வைத்தியரிடம் உடனே காட்டுங்கள். முகப்பருவுக்கு மாற்று மருந்துகள் உண்டு, பொறுத்துக்கொண்டு தொடரத் தேவையில்லை. நகத்துண்டைப் பரிசோதிக்காமல் பூஞ்சைக்குக் குளிசை எடுக்கவேண்டாம். கிளம்பிய பகுதியை வலிக்காத அளவுக்கு ஒட்ட வெட்டுங்கள். ஊசி, ஈர்க்கு விட்டுத் துப்புரவாக்கினால் நகம் இன்னும் கிளம்பும். ஈரம் தேங்கினால் கிருமி வளர்ந்து நகம் பச்சையாகும். கடலால் வந்ததும் நன்னீரில் கழுவித் துடையுங்கள். வெயிலில் தடித்த பருத்திக் கையுறை போடுங்கள். கிளம்பிய பகுதி மறுபடி ஒட்டாது. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளரும், ஆகவே முழுதாகச் சீராக ஆறு மாதம் வரை ஆகலாம்.

மூதூர், கந்தளாய்ப் பக்கம் வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பாக வாரம் ஒருமுறை 200 மி.கி. கொடுப்பதும் இதே மருந்துதான். பருவுக்கு ஏற்கெனவே எடுப்பவர்கள் அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: மகள் பருவுக்கு ஐசோட்ரெட்டினொயின் 20 மி.கி. எடுக்கிறாள். கால் பெருவிரல் நக ஓரத்தில் சிவப்புச் சதை வளர்ந்து, தொட்டால் இரத்தம் வருகிறது.

பதில்: இந்த மருந்து நகத்தையும் சுற்றுத் தோலையும் மெலிய வைக்கும். நக மூலை சதையில் குத்த, நகச்சுற்று வந்து சதை தள்ளும். மூலையைத் தோண்டாதீர்கள், பச்சிலை கட்டாதீர்கள். நகத்தை நேராக வெட்டி, விரலை நெருக்காத செருப்புப் போடச் சொல்லுங்கள். தோல் வைத்தியர் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காத கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்துப் பரிசோதிப்பார்.

நகச்சுற்றுக்கென்று யாரும் டொக்சிசைக்கிளின் தந்தால் வாங்கவே வேண்டாம். ஐசோட்ரெட்டினொயினோடு சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறக்கூடும். கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் குளிசையை நிறுத்தி அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லுங்கள்.