‘டீ செலவுக்கு’ வாங்கிய பணம்தான் உங்கள் வழக்கு

கேள்வி: பல வருடங்களுக்கு முன் நின்றுபோன வெளிநாட்டு அனிமேஷன் காமெடித் தொடர் ஒன்று மறுபடி வந்திருக்கிறது. இங்கே எந்த ஓடிடியிலும் இல்லை. டெலிகிராமில் ரசிகர் சேனல் ஆரம்பித்து, நானே தமிழ் சப்டைட்டில் போட்டு எபிசோடுகளை ஏற்றினேன். இன்று 11,000 பேர் இருக்கிறார்கள். டெல்லியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: எல்லாவற்றையும் நீக்க வேண்டும், உறுதிமொழி தரவேண்டும், 7 நாளில் 5 லட்சம் நஷ்டஈடு. எனக்கு லாப நோக்கமே கிடையாது. சர்வர் செலவுக்காக மட்டும் 10 மாதத்தில் 38,400 ரூபாய் நன்கொடை வந்தது. என் தரப்பு நியாயத்தை 4 பக்கம் எழுதி, காப்புரிமைச் சட்டத்தையும் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள்.

முதலில், காப்புரிமை என்பது பேடன்ட். உங்கள் மேல் வந்திருப்பது பதிப்புரிமை, 1957-ஆம் வருடச் சட்டம். தொடர் இங்கே கிடைக்கவில்லை, ரசிகர்கள்தான் அதை உயிரோடு வைத்திருந்தார்கள், நகைச்சுவை புரியவேண்டும் என்று ராத்திரி கண் விழித்து மொழிபெயர்த்தேன் என்பதெல்லாம் கோர்ட்டில் செல்லாது. இணைத்திருந்த சில வரிகளைப் படித்தேன். ஜோக்குகள் நன்றாகவே இறங்கியிருக்கின்றன. ஆனால் மொழிபெயர்க்கும் உரிமையும் உரிமையாளருக்குத்தான். விமர்சனம் எழுதி, நடுவில் சில நொடிகள் காட்டியிருந்தால் நியாயமான பயன்பாட்டுக்கு விலக்கு தரும் 52-ஆம் பிரிவைப் பேசிப் பார்க்கலாம். முழு எபிசோடுக்கு அது உதவாது.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையானது ஒரே வரி: அந்த 38,400. பதிப்புரிமை மீறலுக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 63-ல் குறைந்தபட்சமே 6 மாதம் சிறை, 50,000 ரூபாய் அபராதம். அதிகபட்சம் 3 வருடம், 2 லட்சம். வியாபார ரீதியாக ஆதாயத்துக்குச் செய்யவில்லை என்றால் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடம் உண்டு. அந்த ஒரே கதவை உங்கள் 4 பக்கம் நீங்களே சாத்துகிறது. சேனலின் உச்சியில் க்யூஆர் கோடைப் பின் செய்து, கீழே ‘டீ செலவுக்கு’ என்று போட்டிருக்கிறீர்கள். பதிலில் ‘சர்வர் செலவு’ என்கிறீர்கள். டெலிகிராம் சேனலுக்கு ஏது சர்வர்? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் கேட்பார்.

இப்படி உணர்ச்சிவசப்பட்ட பதிலோடு என்னிடம் வந்தவர்கள் பலர். ஏற்றியது நான்தான், பணம் வந்தது, இவ்வளவு வந்தது என்று எல்லாவற்றையும் அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். எதிராளி நிரூபிக்க மிச்சம் ஒன்றுமிருக்காது.

இன்னொரு ரகம், பயந்துபோய் ஒரே ராத்திரியில் சேனல், மொபைல், யுபிஐ ஆப் எல்லாவற்றையும் அழிப்பவர்கள். வீடியோக்களை யாரும் பார்க்க முடியாதபடி இன்றே நிறுத்துங்கள், அது வேறு. சேனல் பதிவு, கணக்கு விவரம் எதையும் அழிக்காதீர்கள். சாட்சியமாகக் கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 241-ன் கீழ் தனிக் குற்றம். அழித்து ஒளியவும் முடியாது: 2022-ல் பாடக் குறிப்புகள் திருட்டு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சேனல் நடத்தியவர்களின் விவரத்தைக் கேட்டது, டெலிகிராம் கொடுத்தது.

அதே வருடம் மே மாதம், பிரிவு 63 ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே கைது என்று அர்த்தமில்லை; பெரும்பாலும் முதலில் போலீஸ் நோட்டீஸ்தான் வரும். டெல்லி வணிக நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் மட்டும் கிடப்பில் போடாதீர்கள். சம்மன் கிடைத்த 120 நாளுக்குள் எதிருரை (எழுத்துப்பூர்வ பதில்) தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும், கெஞ்சினாலும் கிடைக்காது.

ஆகவே சமாதானம் பேசுங்கள். ஜெயிக்கும் வழக்கு இல்லை இது. 5 லட்சம் அவர்கள் சொல்லும் முதல் விலைதான். வந்த நன்கொடையும் செலவுத்தொகையாகக் கொஞ்சமும் என்று ஆரம்பிக்கலாம், தவணையும் கேட்கலாம்.

பணத்தைவிட உறுதிமொழியின் வாசகத்துக்கு மல்லுக்கட்டுங்கள். ‘எங்களுக்குச் சொந்தமான எந்தப் படைப்பையும் எந்த வடிவத்திலும்’ என்று நீட்டுவார்கள். அப்படிக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்த என் கட்சிக்காரர் ஒருவர், சில மாதம் கழித்து ஒரு 20 நொடி மீம் கிளிப்பை குரூப்பில் போட்டார். நீதிமன்ற அவமதிப்பு மனு வந்தது. இந்தத் தொடர், இந்தச் சேனல், முழு எபிசோடு என்று பெயர் சொல்லிச் சுருக்குங்கள். கிரிமினல் புகார் தரமாட்டோம் என்பதும் அதே தாளில் வரவேண்டும். எஃப்ஐஆர் விழுந்துவிட்டால் ஸ்டேஷனில் எழுதித் தரும் சமாதானக் கடிதம் போதாது. அவர்கள் ஆட்சேபணை இல்லை என்று சொல்ல, உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட்டாக வேண்டும்.

7 நாள் கெடு முடிவதற்குள் உங்கள் வக்கீல் பெயரில் இரண்டு வரி போகட்டும்: நோட்டீஸ் கிடைத்தது, வீடியோக்கள் நிறுத்தப்பட்டன, பேசத் தயார். அந்த க்யூஆர் கோடை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு இப்போதே இறக்குங்கள். நேற்றுக்கூட யாரோ 50 ரூபாய் போட்டிருக்கிறார்கள்.