சம்மன் அனுப்பலாம், சிறைக்கு அனுப்பலாமா?

தஞ்சாவூர் வாசகர்: ஃபேஸ்புக் அதிகாரியை டெல்லி சட்டமன்றக் குழு கூப்பிட்டபோது உச்ச நீதிமன்றம் வரை போனார்களே, "வர மாட்டேன்" என்று சொல்ல ஒரு தனி மனிதருக்கு உரிமை கிடையாதா? எம்.எல்.ஏ.க்கள் என்ன நீதிபதிகளா?

நீதிபதிகள் இல்லைதான். ஆனால் கூப்பிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, இருக்கவும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2020 பிப்ரவரியில் டெல்லியில் கலவரம் நடந்தது, அதில் சமூக வலைத்தளத்தின் பங்கு என்ன என்று கேட்க ராகவ் சத்தா தலைமையிலான அமைதி, நல்லிணக்கக் குழு அந்த நிறுவனத்தின் இந்தியத் தலைவர் அஜித் மோகனுக்குச் செப்டம்பரில் நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் என்ன சொன்னது? நாங்கள் ஏற்கெனவே நாடாளுமன்றக் குழு முன்னால் பேசியாகிவிட்டது, உங்களிடம் வர அவசியமில்லை என்றது. இரண்டாவது நோட்டீஸில் "வராவிட்டால் சட்டமன்றத்தின் உரிமையை மீறிய குற்றம்" என்ற மிரட்டல் வந்ததும் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். பேசாமல் இருக்கவும் எனக்கு உரிமை உண்டு என்பது வாதம்.

2021 ஜூலை 8 அன்று வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் பார்த்து எழுதப்பட்டது. உறுப்பினர் அல்லாதவரையும் குழு கூப்பிடலாம், கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். அதே நேரம் டெல்லியில் காவல்துறையும் சட்டம் ஒழுங்கும் ஒன்றிய அரசின் கையில் இருப்பதால் அந்த எல்லைக்குள் குழு நுழையக் கூடாது, அப்படி ஒரு கேள்வி வந்தால் சாட்சி பதில் சொல்ல மறுக்கலாம். அதாவது கதவு வரை வர மறுக்க முடியாது, உள்ளே வந்த பிறகு சில கேள்விகளுக்கு மறுக்கலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அந்த நவம்பரில் நிறுவனத்தின் வேறொரு அதிகாரி போய் உட்கார்ந்து பதில் சொன்னார், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஒரு சட்டமன்றம் யாரையும் கேட்காமலே சட்டம் எழுத வேண்டும் என்றால் எழுதுவது அதிகாரிகள் கொடுக்கும் குறிப்பை வைத்துத்தான். கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தும் ஒரு நிறுவனம் "எங்களுக்கு நேரமில்லை" என்று ஒரு கடிதத்தில் முடித்துக்கொள்ள முடிந்தால், அந்தச் சட்டமன்றத்துக்கு நாம் எதற்காக ஓட்டுப் போடுகிறோம்?

மதுரை வாசகி: சரி, போகவில்லை என்றால் என்ன செய்வார்கள்? போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகுமா?

இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நம் ஊரில் இதற்கென்று ஒரு தனிச் சட்டம் கிடையாது. அரசியலமைப்பின் 105-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கும் 194-வது பிரிவு சட்டமன்றங்களுக்கும் சிறப்புரிமைகளைத் தருகின்றன. அந்த உரிமைகள் என்னென்ன என்று சட்டம் போட்டு வரையறுங்கள் என்று 1950-லேயே எழுதிவைத்தார்கள், அதுவரைக்கும் பிரிட்டன் மக்களவைக்கு என்ன உண்டோ அதுவே இங்கேயும் என்றார்கள். 1978-இல் திருத்தம் வந்து பிரிட்டன் பெயரை எடுத்துவிட்டார்கள், சட்டம் மட்டும் இன்னும் வரவில்லை. எதற்கு எழுதுவார்கள்? எழுதினால் எல்லை வந்துவிடும்.

ஆகவே சம்மனை மதிக்காதவர் அவையை அவமதித்தவர் ஆகிறார், தண்டிப்பது அதே அவை. அவமானப்பட்டவரே நீதிபதி. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது எப்படி முடியும் என்று விளக்க வேண்டியதில்லை. 1987-இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதம் கடுங்காவல் என்று சட்டமன்றம் தீர்ப்புச் சொன்னது, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். 2003 நவம்பரில் தி இந்து நாளிதழைச் சேர்ந்த ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை, காரணம் ஒரு தலையங்கம். உச்ச நீதிமன்றம் தடை போட்டதால் தப்பினார்கள். இவர்கள் யாரும் சாட்சி சொல்ல மறுத்தவர்கள் இல்லை என்பது உண்மைதான், ஆனால் மறுப்பவர் மேல் பாயப்போவதும் இதே ஆயுதம்தான் என்பதால் சொல்கிறேன். ஆட்சி மாறும்போதெல்லாம் இந்த ஆயுதமும் கைமாறுகிறது, யாரும் கீழே போடுவதில்லை.

கூப்பிடுவது சட்டமன்றமாக இருக்கட்டும், வராதவருக்குத் தண்டனை தருவது நீதிமன்றமாக இருக்கட்டும். இந்த ஒரு மாற்றம் வந்தால் என் கவலையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கோவை வாசகர்: அமெரிக்காவில் நீங்கள் சொல்வது போலத்தானே நடக்கிறது? அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா?

கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் சம்மனை மீறுவது அங்கே 1857-இலிருந்தே கிரிமினல் குற்றம், ஒரு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை சிறை. 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதலை விசாரித்த குழு கூப்பிட்டும் போகாத, டிரம்ப்பின் ஆலோசகர்களாக இருந்த ஸ்டீவ் பேனன், பீட்டர் நவாரோ இருவரும் ஜூரி முன்னால் விசாரிக்கப்பட்டு 2024-இல் ஆளுக்கு நான்கு மாதம் உள்ளே இருந்தார்கள். ஆனால் அதே குழுவுக்கு முழுதாக ஒத்துழைக்காத, டிரம்ப்பின் அலுவலகத் தலைவராக இருந்த மார்க் மெடோஸ் மேல் நீதித்துறை வழக்கே போடவில்லை. அவை பரிந்துரைக்கலாம், வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பது அரசு வழக்கறிஞர் கையில். ஆக, அரசாங்கத்துக்கு வேண்டிய ஆள் என்றால் சம்மனைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்ற ஓட்டை அங்கே உண்டு.

அதைவிடப் பெரிய பாடம் 1947. கம்யூனிஸ்டுகளைத் தேடுகிறோம் என்று கிளம்பிய காங்கிரஸ் குழு, ஹாலிவுட் எழுத்தாளர்கள், இயக்குநர்களை வரிசையாக உட்காரவைத்து "நீ அந்தக் கட்சியில் இருக்கிறாயா, இருந்திருக்கிறாயா?" என்று கேட்டது. பத்துப் பேர் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனார்கள். எந்தச் சட்டத்தை எழுதுவதற்காக இந்தக் கேள்வி என்று யாராவது கேட்டிருந்தால் குழுவிடம் பதில் இருந்திருக்காது, பெயர்களைச் சந்தியில் நிறுத்துவதுதான் நோக்கம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவின் தலைவர் பார்னெல் தாமஸ் தன் அலுவலகச் சம்பளப் பட்டியலில் மோசடி செய்து மாட்டிக்கொண்டார். தன் முறை வந்தபோது, எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல மாட்டேன் என்று அவரும் வாயை மூடிக்கொண்டார். கடைசியில் டான்பரி சிறையில், தான் அனுப்பிவைத்த பத்துப் பேரில் இருவரோடு அவரும் கைதியாக இருந்தார்.

பிறகு 1957-இல் வாட்கின்ஸ் என்ற தொழிற்சங்கக்காரரின் வழக்கு வந்தது. என்னைப் பற்றிக் கேளுங்கள் சொல்கிறேன், கட்சியை விட்டுப் போய்விட்ட பழைய தோழர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார் அவர். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, அம்பலப்படுத்துவதற்காக மட்டும் அம்பலப்படுத்த காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை என்றது. பதில் சொல்லாவிட்டால் ஜெயில் என்றால், இந்தக் கேள்வி எதற்கு என்று தெரிந்துகொள்ளவாவது சாட்சிக்கு உரிமை வேண்டாமா?

சேலம் வாசகர்: பிரதமரையோ மந்திரியையோ நம் குழுக்கள் கூப்பிட முடியுமா?

சம்மன் எல்லாம் நமக்குத்தான் சார். நிதி தொடர்பான குழுக்கள் மந்திரியைச் சாட்சியாக அழைக்கக் கூடாது என்று சபாநாயகரின் வழிகாட்டு விதியே இருக்கிறது. பணமதிப்பிழப்புக்குப் பிறகு, 2017 ஜனவரியில், நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுத் தலைவர் கே.வி.தாமஸ் "தேவைப்பட்டால் பிரதமரையும் அழைப்போம்" என்று வாய் தவறிச் சொன்னார், ஆளுங்கட்சி உறுப்பினர்கள் போட்ட சத்தத்தில் பின்வாங்கினார். ஓர் ஆவணத்தை வெளியிட்டால் நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று சொல்லி அரசு தர மறுக்கவும் மக்களவை விதியில் இடம் உண்டு. தனியார் ஆளுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடந்திருக்கிறது. 2ஜி விவகாரத்தை விசாரித்த கூட்டு நாடாளுமன்றக் குழுவிடம் ஆ.ராசா "என்னைக் கூப்பிடுங்கள், நானே வந்து சொல்கிறேன்" என்று கேட்டார். பி.சி.சாக்கோ தலைமையிலான குழு கூப்பிடவில்லை, எழுத்தில் கொடுங்கள் என்றது. அப்புறம் 2013-இல் வந்த அறிக்கை, பிரதமரைத் தவறாக வழிநடத்தியது ராசாதான் என்று எழுதிவிட்டது! 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் மேல் உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும், குற்றம் சாட்டப்பட்டவரே வருகிறேன் என்னும்போது கதவைச் சாத்தியதற்கு என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. புரிகிறது, எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

வேலூர் வாசகி: கிரிமினல் வழக்கும் இருக்கும்போது குழு முன்னால் பேசவைத்தால் வழக்கு என்ன ஆகும்?

கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் 1987-இல் அமெரிக்க காங்கிரஸ், வெள்ளை மாளிகை அதிகாரியாக இருந்த ஆலிவர் நார்த்தைப் பேசவைத்தது, பேசுவதை உனக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்ற உத்தரவாதத்தோடு. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 1989-இல் அவர் மேல் மூன்று குற்றங்கள் நிரூபணமாயின, ஆனால் சாட்சிகள் அந்த ஒளிபரப்பைப் பார்த்துக் கறைபட்டிருக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது, 1991-இல் வழக்கே கைவிடப்பட்டது. மக்களுக்கு உண்மை தெரிந்தது, தண்டனை போனது. எது பெரிது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு கூப்பிட வேண்டும்.

யாழ்ப்பாணம் வாசகர்: எங்கட நாட்டில, அரசு நிறுவனங்களை விசாரிக்கிற நாடாளுமன்றக் கோப் குழுவுக்கு முன்னால உண்மை சொன்ன ஆளுக்கு நடந்ததைப் பார்த்தீர்களா?

பார்த்தேன். 2022 ஜூன் 10 அன்று இலங்கை மின்சார சபையின் தலைவர் ஃபெர்டினாண்டோ, மன்னார் காற்றாலைத் திட்டத்தை அதானி குழுமத்துக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் அழுத்தம் கொடுப்பதாக ஜனாதிபதி கோட்டாபய தன்னிடம் சொன்னார் என்று குழு முன்னால் சொன்னார். ஜனாதிபதி மறுத்தார். அடுத்து, உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று அவரே வாபஸ் வாங்கினார். 13-ஆம் தேதி பதவி விலகினார். அவர் சொன்னது உண்மையா பொய்யா என்பது இன்றுவரை தொங்கலில் நிற்கிறது, 2025-இல் அந்தத் திட்டத்திலிருந்து நிறுவனமே விலகிக்கொண்டது.

அதற்கு முன்னால் 2019-இலும் ஈஸ்டர் குண்டுவெடிப்பை விசாரித்த தெரிவுக்குழுவுக்கு அதிகாரிகள் யாரையும் அனுப்ப மாட்டேன் என்று ஜனாதிபதி சிறிசேன முரண்டு பிடித்தார். வரச்சொல்லி ஆணையிடும் அவைக்கு, வந்து பேசியவரின் வேலையைக் காப்பாற்றும் பொறுப்பும் உண்டு. அதைச் செய்யாமல் சம்மன் அனுப்பினால் அடுத்து வருகிறவர் "ஞாபகம் இல்லை" என்று மட்டும்தான் சொல்வார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

புதுச்சேரி வாசகர்: பிரிட்டனில் வர மறுத்தால்?

திட்டுவார்கள். பிரெக்ஸிட் பிரச்சாரத்தை நடத்திய டொமினிக் கம்மிங்ஸ் பொய்ச் செய்தி பற்றிய குழுவுக்கு 2018-இல் வர மறுத்தார். 2019 ஏப்ரலில் மக்களவை அவர் அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்மானம் போட்டுக் கண்டித்தது, அதோடு சரி. ஜூலையில் புதிய பிரதமர் போரிஸ் ஜான்சனின் மூத்த ஆலோசகராக வேலையில் சேர்ந்தார். 2021 மே மாதம் கொரோனா பற்றிய குழு முன்னால் தானாகவே வந்து ஏழு மணி நேரம் பேசினார். அதற்குள் பிரதமரோடு சண்டை வந்து வெளியே போயிருந்தார்.