சனிக்கிழமை காலையே கேன்டீனுக்குப் போய்விடுங்கள்

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று நானும் அவளும் வருகிறோம். சனி விடியற்காலை இறங்கி, ஞாயிறு இரவு விமானம் ஏறுகிறோம். நாங்கள் சுத்த சைவம். எங்கே சாப்பிடுவது, எதையெல்லாம் பார்ப்பது? கேளிக்கைத் தீவான செந்தோசாவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: செந்தோசாவை இந்த முறை விட்டுவிடுங்கள், அம்மா. உங்கள் கையில் இருப்பது இரண்டே பகல். மகள் இங்கே சேர்ந்துவிட்டால் படிப்பு முடிவதற்குள் செந்தோசாவுக்கு நாலைந்து முறை தோழிகளோடு போய் வந்துவிடுவாள். கேன்டீனுக்குத்தான் தினம் இரண்டு வேளை போகப்போகிறாள். நீங்கள் கண்ணால் பார்த்து, வாயால் ருசித்துவிட்டுப் போக வேண்டிய இடம் அதுதான்.

சனிக்கிழமை காலையே வளாகத்துக்குப் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் சித்தி மகள் குடும்பத்தை இங்குள்ள ஒரு கல்லூரிக்குக் கூட்டிப் போனேன். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருக்கும். கேன்டீனில் நாற்காலிகளையெல்லாம் மேசைமேல் கவிழ்த்துவிட்டுத் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். "சனி, ஞாயிறுன்னா இங்க பட்டினிதானா பெரியம்மா?" என்று சித்தி மகளின் பெண் கேட்டாள். அவளுடைய அம்மாவின் முகம் அப்படியே வாடிப்போனது. பல கேன்டீன்கள் சனி மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு திறப்பதே இல்லை. அதனால் பெட்டியை விடுதியில் வைத்த கையோடு கிளம்பிவிடுங்கள்.

வட்டப் பாதை ரயிலில் வந்து கென்ட் ரிஜ் நிலையத்தில் இறங்குங்கள். வளாகத்துக்குள் ஓடும் பேருந்துக்குக் கட்டணம் கிடையாது. வார இறுதியில் வண்டி கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். யூடவுனுக்குப் போங்கள். மாணவர் விடுதிகள், பெரிய புல்வெளி, படிக்கும் கூடங்கள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. மகளை முன்னே விட்டு நீங்கள் இரண்டடி பின்னால் நடங்கள். வரிசையில் நின்று அவளே சாப்பாடு சொல்லட்டும். ஒரு வேளைச் சாப்பாடு ஐந்தாறு வெள்ளிக்குள் முடியும். (டாலரை இங்கே நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம், லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைப் பக்கம் இந்தச் சொல் உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.)

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கண்ணுக்குக் காய்கறி மட்டும் தெரிகிறதே என்று எதையும் வாங்கிவிடாதீர்கள். கங்கோங் கீரை வதக்கலில் பெலாச்சான் இருக்கும். அது இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் விழுது. லக்சா என்னும் நூடுல்ஸ் குழம்பிலும் உலர்ந்த இறால் அரைத்துச் சேர்ப்பது வழக்கம். சீனச் சைவக் கடைகளில் தைரியமாகச் சாப்பிடலாம். அங்கே இறைச்சி போலத் தெரிவது சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தது. முதலில் பார்த்தால் மனம் ஒப்பாது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. காலையில் அந்தக் கடைகளில் கிடைக்கும் பீஹூன், நம் சேமியா மாதிரி மெல்லிசாக, வயிற்றுக்கு இதமாக இருக்கும். முட்டை சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியை முன்பின் தெரியாத கடைக்காரரிடம் கூச்சமில்லாமல் கேட்க அவள் பழக வேண்டும். அதற்கு இந்தச் சனிக்கிழமையை விட நல்ல நாள் கிடைக்காது.

சாப்பிட்டபின் வளாகத்திலேயே இருக்கும் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நுழைவுச்சீட்டு உண்டு. டைனோசர் எலும்புக்கூடுகள் மூன்று இருக்கின்றன. எல்லாரும் அதன் முன்னால்தான் நிற்பார்கள். நீங்கள் திமிங்கிலத்தைத் தேடிப் பாருங்கள். 2015ல் ஜூரோங் தீவுக்கு அருகில் இறந்து மிதந்த 10.6 மீட்டர் பெண் திமிங்கிலம் அது. அதன் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் குவளைகள் இருந்தன. அந்த எலும்புகளுக்குக் கீழே நின்று அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சனி இரவுக்கு மரினா பே போதும். பேஃப்ரண்ட் நிலையத்தில் இறங்கி, கரையோரப் பூந்தோட்டத்தின் சூப்பர் மரங்களுக்கு அடியில் உட்காருங்கள். இரவு 7.45க்கும் 8.45க்கும் ஒளியும் இசையுமாக ஒரு காட்சி நடக்கும். அதைப் பார்க்கக் காசு வேண்டாம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் தாவரவியல் பூங்காவில் இருங்கள். கென்ட் ரிஜ்ஜிலிருந்து வட்டப் பாதையில் ஐந்தாவது நிலையம். 1859ல் தொடங்கிய தோட்டம், 2015ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் சீட்டு. மகளுக்குப் பல்கலைக்கழகத்தைப் பற்றி உள்ளூர ஏதாவது பயம் இருந்தால், இந்த நடையில்தான் அது வாயில் வரும். அவசரப்படுத்தாதீர்கள்.

அங்கிருந்து டௌன்டவுன் பாதையில் மூன்றாவது நிலையம் லிட்டில் இந்தியா. வெளியே வந்தால் தேக்கா. முதலில் ஈரச்சந்தைக்குள் போய்விடுங்கள். மதியத்துக்குள் பல கடைகள் கட்டிவிடும். மீன் பக்கத்தைத் தாண்டினால் காய்கறிக் கடைகள். கறிவேப்பிலைக் கட்டு, முருங்கைக்காய், வாழைப்பூ, சின்ன வெங்காயம் எல்லாம் காந்தி மார்க்கெட்டில் பார்ப்பது போலவே குவிந்து கிடக்கும். "பார்த்து எடுங்கம்மா" என்று தமிழிலேயே குரல் வரும். சமைக்கத் தெரிந்த பெண் என்றால் அவளுக்கு இந்த இடம் பெரிய தெம்பு.

சாப்பாட்டுக்கு, 1947 முதல் சிராங்கூன் சாலையில் நடக்கும் கோமள விலாஸ் இருக்கிறது. திருச்சியிலிருந்து வரும் உங்களுக்கு இங்கே தோசை புதிதில்லை. பரீட்சை நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்து அழுகை முட்டும்போது எந்த ரயிலில் ஏறி எங்கே வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகவே கூட்டிப் போகச் சொல்கிறேன். தேக்கா உணவங்காடியிலும் ஒரு தே தாரிக் (நுரை பொங்க ஆற்றித் தரும் பால் தேநீர்) குடித்துப் பாருங்கள். மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அது கட்டாயம். பிறகு நேரமிருந்தால் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம், இல்லாவிட்டால் வீரமாகாளியம்மன் கோயில். இரண்டும் நடை தூரம்தான்.

ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. வாரம் முழுக்கக் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்த நம் ஊர்ப் பிள்ளைகள் ஒருநாள் ஓய்வில் நண்பர்களைப் பார்க்க, ஊருக்குப் பணம் அனுப்ப வந்து நிற்பார்கள். கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகாதீர்கள். புதுக்கோட்டைப் பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சும் காதில் விழும். யாரிடமாவது வழி கேட்கச் சொல்லி மகளை அனுப்புங்கள். கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

குடை மறக்க வேண்டாம். எம்ஆர்டி ரயிலுக்குள்ளும் நிலையத்துக்குள்ளும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை போகும். வந்து போனபின் மகள் என்ன சொன்னாள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.