'தி இன்னசென்ட்ஸ்' படத்தில் திரையின் இரு ஓரமும் ஏன் இருண்டிருக்கின்றன?

ஊரைவிட்டு ஒதுங்கிய பழைய மாளிகை, அங்கே புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி, பேய் உண்டா இல்லையா என்ற குழப்பம். இதைத்தான் கோதிக் திகில் என்பார்கள். 1961இல் வந்த இந்த பிரிட்டிஷ் படமும் அந்த ரகம்தான். இயக்குநர் ஜாக் கிளேட்டனுக்கு அகலத்திரையே பிடிக்கவில்லை, ஆனால் அதில்தான் எடுக்க வேண்டும் என்று ஸ்டுடியோ விடாப்பிடியாக நின்றது. அறை முழுக்கத் தெரிந்துவிட்டால் அப்புறம் பயம் எங்கிருந்து வரும்? ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் கேமரா லென்ஸில் பொருத்தும் ஃபில்டர் கண்ணாடிகளின் ஓரத்தில் வண்ணம் பூசி, பக்கங்களை மங்கலாக்கினார். கரண்ட் போன ராத்திரியில் டார்ச்சோடு கொல்லைப்புறம் போவது மாதிரி: வெளிச்சம் விழாத இடம்தான் உறுத்தும். நாயகி டெபோரா கெர் மெழுகுவர்த்திகளோடு தாழ்வாரத்தில் நடக்கும் காட்சியைப் பாருங்கள், புரிந்துவிடும்.

கலர் வசதி இல்லாததால்தான் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள் என்பது தவறு. அதே பிரிட்டனில் ஹாமர் நிறுவனத்தின் திகில் படம் 'டிராகுலா' 1958லேயே கலரில் வந்துவிட்டது.